பட்டாளத்துக்கு எந்தப் பட்டம்?

பிளஸ் டூ முடிவு வந்த பிறகான மே மாதத்தில், கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தரும் ஒரு ஜெராக்ஸ் கடையில் அரை மணி நேரம் நின்றால் போதும். கலைக் கல்லூரி விண்ணப்பத்தின் பாடப் பட்டியலுக்கு முன்னால் குடும்பம் குடும்பமாகத் திகைத்து நிற்பதைப் பார்க்கலாம். அப்படி ஒரு நாள் நான் நின்றிருந்தபோது, நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து மகனுடன் வந்திருந்த ஒருவர், நான் கல்லூரி ஆசிரியர் என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டு என் பக்கம் திரும்பினார். "சார், பையன் பட்டாளத்துல ஆபீசராத்தான் சேருவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். அதுக்கு எந்த கோர்ஸ் போடணும்?" என்றார். கடைக்காரர் மவுசை நிறுத்திவிட்டு, "டிபென்ஸ் ஸ்டடீஸ்னு ஒண்ணு இருக்குதாமே, அதான் போடணும்" என்று தன் கருத்தைச் சொன்னார். கடலூரின் பட்டியலில் அந்தப் பாடம் இல்லை. பையனின் முகம் வாடிப்போயிற்று.

வாட வேண்டிய தேவையே இல்லை. முப்படைகளில் அதிகாரியாகச் சேர்வதற்கான வழிகளில் பெரும் பகுதி, பட்டம் இருக்கிறதா என்று கேட்பதோடு நின்றுவிடுகிறது. அது எந்தப் பாடத்தில் வாங்கியது என்று கேட்பதில்லை. பாடத்தைக் கேட்கும் மீதி வழிகளோ மிகக் கறாரானவை. சான்றிதழில் அச்சாகியிருக்கும் துறைப் பெயர் வரைக்கும் ஒப்பிட்டுப் பார்ப்பவை. இந்த இரண்டு வகையையும் பிரித்துப் பார்க்காமல் பாடம் தேர்ந்தெடுப்பவர்கள், தேவையில்லாத இடத்தில் கவலைப்பட்டு, கவலைப்பட வேண்டிய இடத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

முதல் வகையில் முக்கியமானது, மத்தியத் தேர்வாணையமான யுபிஎஸ்சி ஆண்டுக்கு இருமுறை நடத்தும் சிடிஎஸ் எனப்படும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு. டேராடூனில் உள்ள இந்திய ராணுவ அகாதமிக்கும், சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாதமியான ஓடிஏவுக்கும் இந்தத் தேர்வின் வழியாகச் செல்ல, அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் எந்தப் பட்டமும் போதுமானது. தமிழ் இலக்கியம் படித்தவரும் தாவரவியல் படித்தவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். டேராடூனுக்கு ஆங்கிலம், பொது அறிவு, அடிப்படைக் கணிதம் என மூன்று தாள்கள், ஒவ்வொன்றும் 100 மதிப்பெண். பரங்கிமலைக்கு முதல் இரண்டு தாள்கள் மட்டும். கணிதத் தாள் பத்தாம் வகுப்புத் தரத்துக்கு மேல் போகாது: எண்கணிதம், இயற்கணிதம், முக்கோணவியல், வடிவியல், அளவியல், புள்ளியியல் ஆகியவையே அதில் வரும். ஆனால் வேகம் வேண்டும், தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிக்கப்படும் என்பதால் நிதானமும் வேண்டும். எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணும், எஸ்எஸ்பி எனப்படும் படைப்பணித் தேர்வு வாரியத்தின் நேர்காணல் மதிப்பெண்ணும் சேர்ந்துதான் தரவரிசையைத் தீர்மானிக்கின்றன. டேராடூனுக்கு 300க்கு 300, பரங்கிமலைக்கு 200க்கு 200. கல்லூரியில் வாங்கிய மதிப்பெண் இந்தக் கணக்கில் எங்கும் நுழைவதில்லை. கல்லூரியில் முதலிடம் பிடித்தவருக்கும் தட்டுத் தடுமாறித் தேறியவருக்கும் இந்த வாசலில் ஒரே மதிப்புதான்.

அதே தேர்வில் வேறு இரண்டு அகாதமிகளும் உண்டு. அங்கே நிலைமை மாறுகிறது. கேரளத்தின் எழிமலையில் உள்ள இந்தியக் கடற்படை அகாதமிக்குப் பொறியியல் பட்டம் வேண்டும். புதுச்சேரிக்குச் சொந்தமான மாஹேயிலிருந்து எழிமலை அதிகத் தூரமில்லை என்றாலும், மாஹேயிலோ புதுச்சேரியிலோ பி.ஏ. படித்தவருக்கு அந்த வாசல் இந்த வழியில் திறக்காது. ஹைதராபாத் அருகே துண்டிகலில் உள்ள விமானப்படை அகாதமிக்கு எந்தப் பட்டமும் ஏற்கப்படும். ஆனால் பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும், அல்லது பொறியியல் பட்டதாரியாக இருக்க வேண்டும். விமானப்படை தனியாக நடத்தும் ஏஎப்கேட் தேர்வில் விமானிப் பிரிவுக்கும் ஏறக்குறைய இதே விதிதான். பட்டத்தில் 60 சதவீதமும், பிளஸ் டூவில் அந்த இரு பாடங்களிலும் தலா 50 சதவீதமும் வேண்டும். கடலோரக் காவல்படையின் பொதுப் பணி உதவி கமாண்டன்ட் பதவியும் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் படித்தவர்களையே கேட்கிறது.

என் அனுபவத்தில் அதிகம் பேர் இடறி விழுவது இந்த இடத்தில்தான். இளநிலைப் பாடத்தைப் பற்றி மே மாதத்தில் கேட்கப்படும் கேள்வியில் பாதிக்கு, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பதினோராம் வகுப்பில் குரூப் எடுத்தபோது பதில் எழுதியாகிவிட்டது. கணக்கு வராது என்று பயந்து, தாவரவியல், விலங்கியலோடு உள்ள பியூர் சயின்ஸ் குரூப்பில் சேர்ந்த மாணவர், பிறகு பி.எஸ்சி. இயற்பியலே படித்தாலும் சிடிஎஸ் வழியாக விமானியாக முடியாது. காமர்ஸ் குரூப் எடுத்தவருக்கும் அப்படியே. தரைப்படை மட்டும் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே வானத்தையோ கடலையோ கனவு காணும் பிள்ளை வீட்டில் இருந்தால், யோசனை பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில் தொடங்க வேண்டும். பட்டத்துக்கே காத்திராமல் பிளஸ் டூவோடு புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசிய பாதுகாப்பு அகாதமிக்குச் செல்லும் என்டிஏ தேர்வும் இதே பாகுபாட்டைக் கடைப்பிடிக்கிறது: தரைப்படைக்கு எந்தக் குரூப்பும் சரி, மற்ற இரண்டுக்கும் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் கட்டாயம்.

இனி பாடத்தைக் கேட்கும் வாசல்கள். இவற்றில் பெரியது பொறியியல். ராணுவத்தின் தொழில்நுட்பப் பட்டதாரி நுழைவான டிஜிசியும், குறுகிய காலப் பணிக்கான எஸ்எஸ்சி டெக்கும் எழுத்துத் தேர்வு இல்லாதவை. பி.இ. மதிப்பெண் சதவீதத்தை வைத்து, துறைவாரியாக ஒரு கட்-ஆஃப் போட்டு, அதற்கு மேலிருப்பவர்களை நேராக எஸ்எஸ்பிக்கு அழைக்கிறார்கள். சிடிஎஸ்ஸில் மதிப்பற்றுக் கிடந்த கல்லூரி மதிப்பெண், இங்கே வாசற்கதவின் சாவியாகிவிடுகிறது. முதல் இரண்டு செமஸ்டரை விளையாட்டாகக் கழித்துவிட்டுக் கடைசி ஆண்டில் விழித்துக்கொண்ட மாணவர், சதவீதத்தை மேலே இழுக்க முடியாமல் தவிப்பதை ஒவ்வோர் ஆண்டும் காண்கிறேன். சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆகிய ஐந்து துறைகளுக்கும் அவற்றுக்கு இணையானவை என அறிவிக்கையில் குறிக்கப்பட்டவற்றுக்கும்தான் இடங்களில் பெரும் பகுதி. மற்ற துறைகளுக்கு எப்போதாவது ஒன்றிரண்டு இடங்கள் வரும்.

இணையானவை என்ற சொல்லைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். பட்டச் சான்றிதழிலும் மதிப்பெண் பட்டியலிலும் உள்ள துறைப் பெயருக்கும், இணைய விண்ணப்பத்தில் கொடுத்த பெயருக்கும் வேறுபாடு இருந்தால் விண்ணப்பம் ரத்தாகும் என்று அந்த அறிவிக்கைகளே எச்சரிக்கின்றன. என்னிடம் படித்த மாணவரின் அண்ணன் ஒருவருக்கு நேர்ந்தது இது. அவர் படித்த தனியார் கல்லூரி, ஆள் சேர்ப்பதற்காகப் பழைய துறை ஒன்றுக்குப் புதுப்பெயர் சூட்டியிருந்தது. பாடத்திட்டத்தில் முக்கால்வாசி பழையதே. அவர் கையிலிருந்த கன்சாலிடேட்டட் மார்க் ஷீட்டில் ஒரு பெயர், புரொவிஷனல் சான்றிதழில் அதே பெயரோடு இரண்டு சொற்கள் கூடுதல், அறிவிக்கையின் பட்டியலிலோ அந்த இரண்டு பெயர்களுமே இல்லை. பல்கலைக்கழகத்திலிருந்து இணைத்தன்மைக் கடிதம் வாங்க அவர் அலைந்த அலைச்சலில் ஓர் அறிவிக்கையின் கெடுவே தாண்டிப்போயிற்று. எனவே அண்ணாமலைப் பல்கலைக்கழகமோ, புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமோ, வேறு எந்தப் பொறியியல் கல்லூரியோ, சேருவதற்கு முன் கடந்த இரண்டு ஆண்டுகளின் டிஜிசி அறிவிக்கைகளை இறக்கிவைத்துக்கொண்டு, தாம் சேரப்போகும் துறையின் முழுப்பெயர் அதில் அச்சாகியிருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பது நல்லது. கவர்ச்சியான பெயருள்ள புதுத் துறையைவிட, சிவில், மெக்கானிக்கல் என்ற பழைய பெயர்களுக்குப் பட்டாளத்தில் மவுசு குறையவில்லை என்பதே என் துணிபு.

கடலூர் மாவட்டத்துக்கே உரிய ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருப்பதால், கடலைப் படித்தால் கடற்படைக்குப் போகலாம் என்று கரையோரக் குடும்பங்களில் ஓர் எண்ணம் இருக்கிறது. அது புகழ்பெற்ற மையம்தான். ஆனால் மீனையும் மிதவை உயிரிகளையும் ஆராய்வது வேறு, போர்க்கப்பலை இயக்குவது வேறு. கடற்படையின் பொதுச் செயல் பிரிவுக்கும், கடல்தரையை அளந்து வரைபடமாக்கும் ஹைட்ரோ பிரிவுக்கும் 60 சதவீதத்துடன் ஏதேனும் ஒரு துறையில் பி.இ. அல்லது பி.டெக். கேட்கப்படுகிறது. தேவனாம்பட்டினத்தில் பிறந்து, நீச்சலும் காற்றின் திசையும் உடம்பில் ஊறிய பிள்ளைக்கு அந்த ஊறல் எஸ்எஸ்பியில் நிச்சயம் பயன்படும்; விண்ணப்பப் படிவத்துக்கோ பொறியியல்தான் வேண்டும்.

மற்ற வாசல்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். சட்டம் படித்தவர்களுக்கு ராணுவத்தின் ஜேஏஜி என்னும் சட்டப் பிரிவு இருக்கிறது. சட்டப் பட்டத்தில் 55 சதவீதம் வேண்டும், அண்மை அறிவிக்கைகள் முதுநிலைச் சட்டப் படிப்புக்கான கிளாட் நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணையும் கேட்கின்றன. புதுச்சேரி காலாப்பட்டில் உள்ள டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியில் படிப்பவர்களில் இந்த வழி தெரிந்தவர்கள் குறைவு. பி.காம். படித்தவர்கள் 60 சதவீதம் வைத்திருந்தால் ஏஎப்கேட் வழியாக விமானப்படையின் கணக்குப் பிரிவுக்கு முயலலாம். மருத்துவத்துக்கு நீட் எழுதி, புனேயில் 1948 முதல் இயங்கும் ஆயுதப்படை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். வெளியே எம்பிபிஎஸ் முடித்துவிட்டு ராணுவ மருத்துவப் பிரிவில் குறுகிய காலப் பணியில் சேர்வதும் உண்டு. பலருக்கும் வியப்பாக இருக்கக்கூடியது கால்நடை மருத்துவம். ராணுவத்தின் குதிரைகள், கோவேறு கழுதைகள், மோப்ப நாய்கள் ஆகியவற்றைப் பராமரிக்கும் ரீமவுன்ட் கால்நடைப் பிரிவு, கால்நடை மருத்துவப் பட்டதாரிகளை அதிகாரிகளாக எடுக்கிறது. புதுச்சேரி குரும்பாபேட்டில் அந்தப் பட்டத்தைத் தரும் கல்லூரியே இருக்கிறது. முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்குக் கல்விப் பிரிவுகள் உண்டு.

ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்ன டிபென்ஸ் ஸ்டடீஸுக்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் போர்த்திறன் ஆய்வுகள் துறை இருக்கிறது. சென்னையில் சில கல்லூரிகளில் இளநிலையிலும் அந்தப் பாடம் உண்டு. போரின் வரலாறு, அணு ஆயுதக் கொள்கை, எல்லைத் தகராறுகள், கடல்வழிப் பாதுகாப்பு என்று சுவையான படிப்பு அது. ஆனால் சிடிஎஸ்ஸிலோ எஸ்எஸ்பியிலோ அந்தப் பட்டத்துக்குக் கூடுதல் மதிப்பெண் எதுவும் கிடையாது. ஆய்வுக்கோ பத்திரிகைத் துறைக்கோ போக நினைப்பவருக்கு அது பொருந்தும். பட்டாளத்தில் சேர்வதற்காக மட்டும் கடலூரிலிருந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு சென்னை விடுதிக்குப் போய் அதைப் படிக்க வேண்டியதில்லை. அரசியல் அறிவியல், வரலாறு, புவியியல் ஆகிய மூன்றில் எதைப் படித்தாலும் பொதுஅறிவுத் தாளின் கணிசமான பகுதி பாடத்தோடு பாடமாகவே வந்துவிடும். உள்ளூர்க் கல்லூரிகளிலேயே அவற்றைப் படிக்க வழியுண்டு.

பாடத்தைவிட மொழியைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். சிடிஎஸ்ஸின் பொதுஅறிவு, கணிதத் தாள்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே அச்சிடப்படுகின்றன. எஸ்எஸ்பியில் ஆங்கிலத்திலோ இந்தியிலோ பேச வேண்டும். இந்தி பேசும் மாநிலத்தவர் தாய்மொழியில் வாதிடும் அதே குழு விவாதத்தில், தமிழ்வழியில் படித்த நம் பிள்ளை இரண்டாம் மொழியில் வாதிட வேண்டியிருக்கிறது. இது நியாயமா என்ற கேள்வி எனக்கும் உண்டு. ஆனால் விதி மாறும் வரை காத்திருக்க வயது இடம் கொடுக்காது. ஆங்கில இலக்கியம் படிப்பது இதற்கு ஒரு வழி. அதைக் காட்டிலும் மலிவான வழி, எந்தப் பாடம் படித்தாலும் மூன்று ஆண்டுகளும் நாள்தோறும் ஓர் ஆங்கில நாளிதழை வாய்விட்டுப் படிப்பது, செமினார் என்று வந்தால் முதலில் கையைத் தூக்குவது. பிழையில்லாத ஆங்கிலத்தை அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை. நினைத்ததை நிறுத்தாமல் சொல்லத் தெரிய வேண்டும்.

எஸ்எஸ்பி என்பது ஐந்து நாள் சமாசாரம். முதல் நாள் நுண்ணறிவுச் சோதனையும், ஒரு மங்கலான படத்தைப் பார்த்துக் கதை எழுதி அதைக் குழுவில் விவாதிக்கும் சோதனையும் நடக்கும். அதிலேயே பெரும்பாலோர், அவர்கள் மொழியில் சொன்னால், ஸ்கிரீன் அவுட் ஆகி மாலையே ரயிலேறிவிடுவார்கள். மிஞ்சியவர்களுக்கு உளவியல் தேர்வு: 12 படங்களுக்குக் கதை, அதில் கடைசி அட்டை வெறுமையானது, 15 வினாடிக்கு ஒன்றாக 60 சொற்களுக்கு வாக்கியம், அரை மணி நேரத்தில் 60 சூழ்நிலைகளுக்கு எதிர்வினை. பிறகு கட்டையும் கயிறும் பீப்பாயும் கொடுத்துக் குழுவாகத் தடை தாண்டச் சொல்லும் வெளிப்புறப் பணிகள், தனி நேர்காணல், இறுதியில் அனைத்துத் தேர்வாளர்களும் கூடும் கான்பரன்ஸ். இந்த ஐந்து நாளில் பட்டத்தின் பாடம் எட்டிப் பார்ப்பது நேர்காணலில் மட்டும். "நீ படித்த பாடத்தில் உனக்குப் பிடித்தது எது, ஏன்?" என்ற கேள்வி கிட்டத்தட்ட நிச்சயம் வரும். பிடிக்காத பாடத்தைச் சுலபம் என்று எடுத்தவர் அந்தக் கேள்வியில்தான் வெளிறிப்போவார். விலங்கியல் படித்த ஒரு பெண், கெடிலம் ஆற்றின் கழிமுகத்தில் தான் எண்ணிய நண்டுகளைப் பற்றிப் பத்து நிமிடம் பேசிவிட்டு வந்ததாகச் சொன்னார். உளவியல் படித்தால் உளவியல் தேர்வில் எளிதாகத் தேறலாம் என்று நினைத்துப் பாடம் எடுப்பவர்களும் உண்டு. மூட்டுவலி டாக்டருக்கு மூட்டுவலி வராது என்று நம்புவதைப் போன்றது அது.

தரைப்படையின் தென்னகத் தேர்வு மையம் பெங்களூரிலும், விமானப்படையின் தேர்வு வாரியம் ஒன்று மைசூரிலும் உள்ளன. கடலூர் துறைமுகச் சந்திப்பிலிருந்து மைசூருக்குச் செல்லும் ரயில் பெங்களூர் வழியாகவே போவதால் இரண்டுக்கும் அந்த ஒரு வண்டி போதும். ஒரு நுழைவு வழிக்காக முதல் முறை எஸ்எஸ்பிக்குச் செல்பவருக்கு ரயில் கட்டணம் திரும்பக் கிடைக்கும். டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

வயதுக் கணக்கைப் பலரும் கடைசியில்தான் போடுகிறார்கள். 2007 ஜூனில் பிறந்து 2025இல் பிளஸ் டூ முடித்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். டேராடூனுக்குப் பயிற்சி தொடங்கும் நாளில் ஏறத்தாழ 24 வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. மூன்றாண்டுப் பட்டம் படித்தால், இறுதியாண்டில் இருக்கும்போதே எழுதலாம் என்ற சலுகையையும் சேர்த்து, 2027இன் இரண்டாம் தேர்விலிருந்து 2030இன் முதல் தேர்வு வரை ஆறு வாய்ப்புகள் கிடைக்கும். நான்காண்டு பி.இ. படித்தால் நான்குதான். பரங்கிமலைக்கு ஓராண்டு கூடுதல் வயது உண்டு. அதே சமயம் பி.இ. படித்தவருக்கு டிஜிசி, எஸ்எஸ்சி டெக் வழிகள் 27 வயது வரை திறந்திருக்கும் என்பதால் இழந்ததை அங்கே ஈடுகட்டிக்கொள்வார். பட்டம் முடித்துவிட்டு எம்.ஏ., பிறகு பி.எட். என்று போகிறவர் படித்துக்கொண்டே சிடிஎஸ் எழுதவில்லையென்றால், படிப்பு முடியும்போது வயதும் முடிந்திருக்கும். அரியர் வைப்பது இதைவிடக் கொடியது. எஸ்எஸ்பியில் தேறி, மருத்துவச் சோதனையிலும் தேறி, குறித்த நாளுக்குள் பட்டச் சான்று கொடுக்க முடியாமல் ஒரே ஒரு அரியர் பேப்பருக்காக நழுவவிட்டவர்களின் கதை, ராணுவத் தேர்வுக்குத் தயாராகும் எல்லா வட்டங்களிலும் உலவுகிறது. அதனால்தான் பாடம் தேர்ந்தெடுக்கும்போது, மாணவர் திணறாமல் தேறக்கூடிய பாடமா என்பதை நான் முதலில் கேட்கிறேன்.

பெண்களுக்கு 1992 முதல் பரங்கிமலையில் பயிற்சி நடந்துவருகிறது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நிரந்தரப் பணிக்கான வழியை அவர்களுக்கு அகலமாக்கியது. 2021இல் அதே நீதிமன்றத்தின் ஆணையால் என்டிஏவும் திறந்து, அங்கே படித்த முதல் 17 பெண்கள் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியேறினர். பாடம் பற்றி மேலே சொன்னவை அனைத்தும் அவர்களுக்கும் பொருந்தும். சிடிஎஸ்ஸில் இதுவரையிலான அறிவிக்கைகள் டேராடூனை ஆண்களுக்கே ஒதுக்கியிருப்பதால், கலை அறிவியல் பட்டதாரிப் பெண்களுக்குத் தரைப்படையில் பரங்கிமலையே முதன்மையான வழி. கணிதத் தாள் அங்கே இல்லை என்பது சிலருக்கு நிம்மதி.

புதுச்சேரிக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு. 1962 ஆகஸ்டில் ஒப்படைப்பு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளும் தெரிவு இங்குள்ளவர்களுக்குத் தரப்பட்டது. அதை ஏற்றவர்களின் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுபவர்களைச் சொல்தா என்று ஊரில் அழைப்பார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் சிலர் இந்தியப் படையில் சேர விரும்புவதுண்டு. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர், எந்தப் பட்டம் பெற்றிருந்தாலும் இந்த அறிவிக்கைகளின் குடியுரிமை விதியைத் தாண்ட முடியாது. கல்லூரியில் சேர்க்கும் முன்பே வீட்டில் பேசித் தெளிந்துகொள்ள வேண்டியது இது.

பட்டத்தின் பாடம் உண்மையில் கனம் பெறுவது பட்டாளத்துக்கு வெளியே. சிடிஎஸ் எழுதுபவர்களில் மிகச் சிலரே சீருடை அணிகிறார்கள். மற்றவர்களுக்கு அந்தப் பட்டம் வேறு வேலை தேடித் தர வேண்டும். டிஎன்பிஎஸ்சிக்கோ, வங்கிக்கோ, காவல்துறை உதவி ஆய்வாளர் தேர்வுக்கோ, உள்துறையின் கீழுள்ள மத்திய ஆயுதக் காவல்படைகளுக்கோ, ஆசிரியப் பணிக்கோ அது ஏணியாக வேண்டும். தேர்வானவருக்கும் இந்தக் கேள்வி வேறு உருவில் திரும்பி வரும். பரங்கிமலையிலிருந்து குறுகிய காலப் பணியில் சேர்பவர் பத்து ஆண்டுகள், நீட்டித்தால் பதினான்கு ஆண்டுகள் பணியாற்றி, முப்பத்தைந்து வயதை ஒட்டி வெளியே வரக்கூடும். மாதம் 56,100 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் லெப்டினன்டாகத் தொடங்கிய அவருக்கு, வெளியே வரும்போது ஆட்களை நடத்திய அனுபவம் ஏராளமாக இருக்கும். அந்த அனுபவத்தை ஒரு சிவில் பொறியாளராகவோ, சட்டத்தரணியாகவோ, கணக்கியல் தெரிந்தவராகவோ விற்பது, மறந்துபோன ஒரு பாடத்தின் பட்டதாரியாக விற்பதைவிட எளிது.

அதிகாரி வழி மட்டுமே வழி என்பதும் இல்லை. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில், பத்தாம் வகுப்போ பிளஸ் டூவோ முடித்தவர்கள் நான்கு ஆண்டுகள் அக்னிவீரராகப் பணியாற்றலாம். அவர்களில் 25 சதவீதம் வரை நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவர். பட்டம் வேண்டுமென்றால், பயிற்சிக்கே பாதி மதிப்பெண் புள்ளிகள் தரும், இக்னோ என்னும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்பு அவர்களுக்கென அறிவிக்கப்பட்டுள்ளது. ஆனால் வயது பதினேழரையில் தொடங்கி இருபதுகளின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுவதால், முதலில் பட்டம் முடிப்போம், பிறகு பார்ப்போம் என்று இதை ஒத்திப்போட முடியாது. ஒரே வீட்டில் இரண்டு வழியையும் ஒரே நேரத்தில் நினைப்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

நெல்லிக்குப்பத்துப் பையனிடம் அன்று நான் கேட்டது மூன்றே கேள்விகள். பிளஸ் டூவில் கணக்கு இருந்ததா? இருந்தது. எந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்காமலே படித்தான்? வரலாறு, அதுவும் பள்ளிக்கூடத்தில் அவன் எடுக்காத பாடம், நூலகத்தில் எடுத்துப் படித்தது. எந்தக் கல்லூரியில் என்.சி.சி. இருக்கிறது என்று தெரியுமா? தெரியாது. அவன் அப்பாவுக்கோ வரலாறு என்றதும் முகம் சுருங்கியது, "அதப் படிச்சி என்னா சார் பண்றது?" என்றார். மூன்றாவது கேள்விதான் மற்ற இரண்டையும்விட அவசரமானது என்று அவருக்கு விளக்கினேன்.

என்.சி.சி. 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடும், பட்டத்தில் 50 சதவீதமும் இருந்தால், ராணுவத்தின் என்.சி.சி. சிறப்பு நுழைவில் எழுத்துத் தேர்வே இல்லாமல் நேராக எஸ்எஸ்பிக்குப் போகலாம். பாடம் எதுவானாலும் சரி. டேராடூனுக்கான சிடிஎஸ் இடங்கள் 100இலும் 13 இடங்கள் தரைப்படைப் பிரிவின் 'சி' சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. அணிவகுப்பு, துப்பாக்கி சுடுதல், பத்து நாள் முகாம், வேறு மாநிலத்துப் பிள்ளைகளோடு ஒரே கூடாரம் என்று அங்கே கிடைக்கும் பழக்கம், எஸ்எஸ்பிக்கான பயிற்சி மையங்கள் பணம் வாங்கிக்கொண்டு ஒரு மாதத்தில் ஊட்டப் பார்ப்பதை மூன்று ஆண்டுகளில் தானாகவே ஊட்டிவிடும். ஆனால் எல்லாக் கல்லூரியிலும் என்.சி.சி. கிடையாது, இருக்கும் கல்லூரியிலும் இடங்கள் எண்ணி வைத்தவை. 'சி' சான்றிதழுக்கு முன் 'பி' வேண்டும், முகாம் வேண்டும், அணிவகுப்புகளில் 75 சதவீத வருகை வேண்டும் என்பதால், முதலாண்டில் சேராதவர் பிறகு நினைத்துப் பயனில்லை. முதலாண்டு வகுப்பு தொடங்கிய சில வாரங்களில், அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்படும். குறிப்பிட்ட காலையில் மைதானத்தில் ஓட்டமும் உயர அளவும் எடுத்து, அன்றே பட்டியல் முடிந்துவிடும். பையனிடம் கேன்வாஸ் ஷூ இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றான், விண்ணப்பத்தில் வரலாற்றை முதல் விருப்பமாக அழுத்திவிட்டு, கடைக்காரர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்த தாளோடு அப்பாவும் மகனும் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஷூ வாங்கப் போனார்கள்.